யோர்தானில் போட்ட முழுக்கு

எருசலேமுக்குப் போய் வந்தவர் என்று பதுளை பஜாரில் இன்றைக்கும் சிலர் என்னைக் காட்டிச் சொல்வதுண்டு. சொல்லும்போது அவர்களுடைய கண் என் நெற்றிக்குப் போகும். அங்கே திருநீறு இருக்கும். "பிறகு எப்படி?" என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டுவிடுவார்கள். அவர்கள் கேட்காத கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

அப்போது நான் பதுளையில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பஜாரில் கடை. அரிசி, பருப்பு, கருப்பட்டி, கம்பளி, சேலை என்று தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்குள் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு அணைந்து நான் பார்த்ததில்லை. வருஷம் தவறாமல் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர் அப்பா. அப்படிப்பட்டவருடைய மகன் பள்ளியில் கிறிஸ்தவ மாணவர் சங்கத்தில் எப்படிச் சேர்ந்தான் என்றால், சனிக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் சங்கத்தில் தேநீரும் பணிஸ் ரொட்டியும் கொடுப்பார்கள். அந்தப் பணிஸ் அன்றைக்கு அடுப்பிலிருந்து இறங்கியதாக இருக்கும். அதைவிட ஆழமான காரணம் எதுவும் எனக்கு இருந்ததாக நினைவில்லை.

முதலாம் உலக யுத்தம் முடிந்து, வேதத்தில் வரும் தேசமெல்லாம் ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்த சமயம். தோட்டத்துத் துரைசானி ஒருத்தி ஊருக்குத் திரும்புமுன் எங்கள் சங்கத்துக்கு ஒரு பெரிய காரியம் செய்தாள். வேதபாடப் பரீட்சையில் முதல் மூன்று இடங்களில் வரும் மாணவர்களை எருசலேமுக்கு அனுப்பி வைக்கத் தன் கைப்பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். பரீட்சை நடந்தது. முதலாவதாக நான் வந்தேன்.

சங்கம் திகைத்துப்போனது. எனக்கே கொஞ்சம் சங்கடம்தான். கதை கேட்கப் பிடிக்கும் எனக்கு. சவுலும் தாவீதும் அப்சலோமும் என் மனதில் தாமாக வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டாவதாக வந்தவன் சங்கத்தின் செயலாளர். ஆஸ்பத்திரி மருந்து கலக்குகிறவரின் மகன். சிரிப்பதையும் ஜெபத்தோடு ஆரம்பிக்கிற ஆள். மூன்றாவதாக வந்தவன் பூனாகலைத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகன். அவனுடைய குடும்பம் அவன் பிறக்குமுன்பே கிறிஸ்தவத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அவனுடைய மனம் தேயிலையைத் தாண்டி அவ்வளவு தூரம் போனதில்லை.

"இந்து மாணவனை எருசலேமுக்கு அனுப்புவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று செயலாளர் எழுந்து கேட்டான்.

எங்கள் பள்ளிப் பாதிரியார் வெள்ளைக்காரர். உயரமான, சாதுவான மனிதர். தமிழை வேதப் புத்தகத்திலிருந்தே கற்றுக்கொண்டவர். அதனால் சந்தையில் வாழைக்காய் வாங்கினாலும் தீர்க்கதரிசி பேசுகிற மாதிரியே இருக்கும். அவர் எழுந்து, "அனுப்பக் கூடாதென்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, என் மகனே?" என்றார். செயலாளர் உட்கார்ந்துவிட்டான்.

அப்பாவிடம் கேட்கப் பாதிரியாரே கடைக்கு வந்தார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டார்.

"கதிர்காமத்துக்குக் கூப்பிட்டா கால் வலிக்குதுங்கிற பய. எருசலேமுக்குக் கப்பல்ல போறேங்கிறான். போகட்டும் ஐயா. ஆனா ஒண்ணு கேக்குறேன். போன எடத்துல இவன் சாமிய மாத்திருவீங்களா?"

"உம்முடைய குமாரன் எப்படிப் போகிறானோ அப்படியே திரும்பி வருவான். நான் உமக்கு வாக்குக் கொடுக்கிறேன்."

அப்பா கொஞ்ச நேரம் அவருடைய முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஊறுகாய் எடுத்துக் கட்டு," என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

பாதிரியார் எங்களை எருசலேம் வரை கூட்டிக்கொண்டு போய்விட்டு, அப்படியே விடுப்பில் தன் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. எங்களைத் திரும்பக் கூட்டிவரும் பொறுப்பு உபதேசியாருக்கு. தோட்டம் தோட்டமாக நடந்து ஜெபம் நடத்துகிறவர் அவர். திருநெல்வேலிச் சீமைக்காரர், குட்டையான, உருண்டையான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். மலைநாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் அவருடைய பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. ஆனி மழையானாலும் மார்கழிப் பனியானாலும் தொழிலாளர் லயத்து வாசலில் அவருடைய குடை தெரிந்தால் பிள்ளைகள் ஓடி வரும். அவர் பெற்ற பிள்ளைகள் யாரும் இல்லை. மனைவியும் காலமாகிவிட்டார்.

ரயில் அப்போது பதுளைக்கு வரவில்லை. மாட்டு வண்டியில் பண்டாரவளை போய் ரயில் ஏறினோம். கொழும்பில் கப்பலில் கால் வைத்ததும் உபதேசியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏ தம்பி, உனக்கு நாகமான் கதை தெரியுமா?" என்றார்.

"தெரியுங்க. குஷ்டரோகம் வந்த சேனாதிபதி. யோர்தான்ல ஏழு தரம் முழுகினாரு."

"முழுகினாரு பாத்தியா!" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தார்.

எனக்கு அப்போதே விஷயம் புரிந்தது. சங்கத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய இந்துப் பையனை ஆண்டவர் சும்மா கப்பலேற்றவில்லை என்பது உபதேசியாருடைய துணிபு. யோர்தானில் எனக்கு ஞானஸ்நானம் ஆகப்போகிறது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அதை நேரே சொல்லவில்லை. தண்ணீரைக் கண்டபோதெல்லாம் வேதத்தில் தண்ணீர் வரும் இடங்களைச் சொன்னார். கப்பலைச் சுற்றித் தண்ணீருக்குக் குறைவில்லை. ஏடன் போவதற்குள் நோவாவும் மோசேயும் யோனாவும் தீர்ந்து, வழியில் தண்ணீரைக் கண்டு ஞானஸ்நானம் கேட்ட எத்தியோப்பிய மந்திரிக்கு வந்துவிட்டார். செங்கடலில் எங்களுக்குக் கோடைக்காலத்து அடுப்படி மாதிரி வெந்தது. அங்கேயும் என் பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்து, "எப்பேர்ப்பட்ட தண்ணி தம்பி இது!" என்றார்.

பாதிரியார் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் உபதேசியாரைத் தனியே கூப்பிட்டு, "நான் ஒரு மனிதனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்," என்று மட்டும் சொன்னார்.

"ஐயா, நீங்கதான வாக்குக் குடுத்தீய. நான் குடுக்கலயே," என்றாராம் உபதேசியார்.

செயலாளர் முதலில் என்னோடு பேசவில்லை. கப்பல் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாயைத் திறந்த அன்று அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஏடனுக்கு முன்பே நாங்கள் நண்பர்கள்.

போர்ட் செய்தில் இறங்கிக் கந்தாரா என்ற இடத்துக்குப் போனோம். அங்கே கப்பல் வந்த கால்வாயைத் தாண்டினால் எருசலேம் போகும் ரயில். பட்டாளத்து அதிகாரி ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். பாதிரியார் பெட்டிகளைப் பார்க்கப் போயிருந்தார். உபதேசியார்தான் முதலில் நின்றார்.

"பிறந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அதிகாரி.

உபதேசியார் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், நெஞ்சை நிமிர்த்தி, "நாசரேத்," என்றார்.

அதில் பொய் ஒன்றுமில்லை. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் என்று ஊர் இருக்கிறது. அவர் அங்கேதான் பிறந்தார். அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது ஆண்டவர் வளர்ந்த நாசரேத் ஒன்றுதான். அவர் தலையைத் தூக்கி உபதேசியாரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊரை விட்டுப் போய் எத்தனை வருஷம்?"

"இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா?"

"தங்கச்சி இருக்கா."

அதிகாரி மனம் இளகி, யுத்தத்தில் ஓடிப்போய் ஊர் திரும்புகிறவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினார். உபதேசியார் அந்த அரபுக்காரர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். பக்கத்துக் கிழவர் அவருக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து அரபியில் ஏதோ கேட்டார். இவர் அதை வாங்கிக்கொண்டு தமிழில் பதில் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, பயமும் விடவில்லை. நான்தான் முன்னால் போய், அது தென்னிந்தியாவில் இருக்கும் நாசரேத் என்று விளக்கினேன்.

"அங்கே எருசலேமும் உண்டா?" என்றார் அதிகாரி.

நான் கேட்டுச் சொல்ல, உபதேசியார் வருத்தத்தோடு தலையாட்டினார். "எருசலேம் இல்ல. மெய்ஞ்ஞானபுரந்தான் இருக்கு. நல்ல கோயில்."

அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். ரயிலில் ஏறிய பிறகும் உபதேசியாருக்குத் தன் தவறு என்ன என்று புரியவில்லை. "உள்ளதத்தான சொன்னேன்?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். அந்தக் கேள்வியை நான் அப்போது வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இஸ்ரவேலர் நாற்பது வருஷம் நடந்த பாலைவனத்தின் ஓரத்தை ரயில் நாங்கள் தூங்கி விழிப்பதற்குள் கடந்துவிட்டது. உபதேசியாருக்கு அது பிடிக்கவில்லை. "இம்புட்டு வெரசாப் போனா எப்பிடி?" என்றார். லித்தாவில் வண்டி மாறினோம். பேதுரு ஒரு திமிர்வாதக்காரனை எழுப்பி நடக்கவைத்த ஊர். இப்போது ரயில் சந்தி. அங்கிருந்து மலை ஏற்றம். எங்களுக்கு மலை ரயில் புதிதல்ல. ஆனால் அந்த மலைகளில் பச்சை என்பதே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. வெறும் கல். பூனாகலைக்காரன் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

"என்னடா?"

"எவ்ளோ சரிவு பாரு. ஒரு செடி நடல. தண்ணி போகக் கான் வெட்டிக் கட்டு கட்டினா தேயில எப்படி வரும் தெரியுமா? இந்த ஊர்ல நல்ல கங்காணி ஒருத்தர்கூட இல்ல போல."

எருசலேமில் ஒரு மடத்தில் தங்கினோம். மறுநாள் காலையில் ஆண்டவருடைய கல்லறைக் கோயிலுக்குப் போனோம். செயலாளருக்கு அன்றைக்குத்தான் பெரிய சோதனை. எங்கள் பதுளைக் கோயில் அமைதியான இடம். வெள்ளைச் சுவர், பெஞ்சு, ஒரு சிலுவை. இங்கேயோ ஒரே தள்ளுமுள்ளு. எண்ணெய் விளக்குகள் சரம் சரமாகத் தொங்கின. சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. ஒரு மூலையில் ஒரு கூட்டத்துச் சாமியார்கள் பாட, அது காதில் விழாதபடி இன்னொரு மூலையில் இன்னொரு கூட்டம் உரக்கப் பாடியது. நடுவில், ஆண்டவருடைய உடலைக் கிடத்தியதாகச் சொல்லும் கல் ஒன்று. பெண்கள் அதில் வாசனைத் தைலத்தை ஊற்றித் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்கள்.

செயலாளரின் முகம் வெளுத்துவிட்டது. "இதென்ன இது, இப்படி இருக்கு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எப்படி இருக்கு? கோயில் மாதிரி இருக்கு," என்றேன்.

எங்களில் அங்கே திக்குமுக்காடாமல் நின்றவன் நான் ஒருவன்தான். எங்கே ஒதுங்க வேண்டும், கூட்டத்தில் எப்படி நுழைய வேண்டும், கிழவிகளுக்கு எப்படி வழிவிட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தானாக வந்தது. சங்கத்தாரை வரிசையாகக் கைப்பிடித்து நானே கூட்டிக்கொண்டு போனேன். பாதிரியார் என் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பணிவாக வந்தார்.

உபதேசியார் அந்தக் கல்லுக்குத் தூரமாகவே நின்றார். கல்லைத் தொட்டுக் கும்பிடக் கூடாது என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லி வந்தவர் அவர். கொஞ்ச நேரம் அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு விளக்கை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினோம். திரும்பிப் பார்த்தபோது அவர் முழங்கால் போட்டு, நெற்றியை அந்தக் கல்லில் வைத்துக்கொண்டிருந்தார். முதுகு குலுங்கியது. எதையும் குறித்துக்கொள்ளும் செயலாளர்கூட அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

பெத்லகேம், ஒலிவமலை, கெத்செமனே எல்லாம் பார்த்தோம். கெத்செமனேயில் ஒலிவ மரங்கள் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி வயதேறி நின்றன. அங்கே மட்டும் பூனாகலைக்காரன் கவாத்து வெட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் மரத்தடியில் சும்மா இருந்தோம். நண்பர்கள் தூங்கிவிட ஒருவர் மட்டும் விழித்திருந்து வேதனைப்பட்ட இடம் என்பது பரீட்சைக்குப் படித்தபோது எனக்கு ஒரு வரிதான். அங்கே உட்கார்ந்தபோது மனம் கனத்தது. உபதேசியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, பேசாமல் மூடிக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசியாக யோர்தான். குதிரை வண்டியில் எரிகோவுக்கு இறங்கி, அங்கிருந்து ஆற்றுக்குப் போனோம். இறங்க இறங்க வெயில் ஏறியது. உபதேசியார் அன்றைக்குப் புது வேட்டி கட்டி, சலவைச் சட்டை போட்டிருந்தார். என்னையும் நல்ல சட்டை போடச் சொன்னார். பாதிரியார் அதைக் கேட்டும் கேளாதவர் மாதிரி குடையை விரித்தார்.

நாங்கள் மகாவலி ஆற்றைப் போல ஒன்றை எதிர்பார்த்திருந்தோம். நாணலுக்கும் புதருக்கும் நடுவே களிமண் நிறத்தில் ஓர் ஓடை ஓடியது. எங்கள் ஊர் ஆறான பதுளு ஓயா அதைவிட அகலம்.

"இதுதானா?" என்றான் பூனாகலைக்காரன்.

"இதுதான்," என்றார் பாதிரியார்.

"மழைக்காலத்துல எங்க தோட்டத்துக் கான்லயே இத்தன தண்ணி வருங்க."

உபதேசியார் காதில் எதுவும் விழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கரை ஓரம் போனார். ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டு, பிறகு என்னைக் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதைப் பின்னால் அவரே சொன்னார். குனிந்தார். கரை வழுக்குக் களிமண். அவருடைய குடை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக ஆற்றுக்குள் போனார்கள்.

பார்க்கத்தான் ஓடை. மலையில் பனி உருகி வந்த தண்ணீர் இழுத்த இழுப்பு எனக்கு இப்போதும் உடம்பில் இருக்கிறது. அவருக்கு நீந்தத் தெரியாது. நான் குதித்தேன். அம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பதுளு ஓயாவில் நீந்திப் பழகியவன் நான். எட்டிப் பிடித்துவிட்டேன். அவர் பயத்தில் என் தலைமயிரை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டார். உருண்டையான மனிதர், அவருடைய கனத்தில் நான் தண்ணீருக்குள் போனேன். மேலே வந்தேன். மறுபடி போனேன். ஒவ்வொரு தரம் மேலே வரும்போதும் என் தலைக்கு மேலே அவருடைய அலறல் கேட்டது.

"பிதாவே! குமாரனே! பரிசுத்த ஆவியே! காப்பாத்தும்!"

ஒரு வழியாக நாணலைப் பிடித்தேன். செயலாளரும் பூனாகலைக்காரனும் எங்களை இழுத்துக் கரையில் போட்டார்கள். உபதேசியார் தண்ணீரைக் கக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பாதிரியார் முழங்காலில் நின்று அவருடைய முதுகைத் தடவினார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

பிறகு பூனாகலைக்காரன் மெதுவாகச் சொன்னான். "ஐயா, இவனுக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சுங்களே."

எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

"யோர்தான் தண்ணி இருந்துச்சு. உபதேசியார் ஐயா கை தலைமேல இருந்துச்சு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணும் சொன்னாரு. நானே கேட்டேன். வேற என்னங்க வேணும்?"

செயலாளர் உடனே எதிர்த்தான். உபதேசியாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரம் இல்லை என்றான். சாகக் கிடக்கிறவனுக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தனக்குத் தானே நினைவு வந்து, அங்கே சாகக் கிடந்தது யார் என்று யோசிக்கத் தொடங்கினான். "காப்பாத்தும்" என்ற சொல் ஞானஸ்நான முறையில் இல்லை என்றான். பூனாகலைக்காரன் அது கூடுதலாகச் சேர்ந்தது என்றான். நான் காதில் போன தண்ணீரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றிய வழக்கு. என்னை யாரும் கேட்கவில்லை.

பாதிரியார் கையை உயர்த்தினார். உபதேசியாருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"ஞானஸ்நானம் கொடுக்கிறவன் அதைக் கொடுக்க வேண்டுமென்று மனதில் நினைத்திருக்க வேண்டும். அந்த நாமங்களை நீர் உச்சரித்தபோது உம்முடைய இருதயத்தில் என்ன இருந்தது? அதை அறிந்தவர் நீர் ஒருவரே. நீர் சொல்லுகிறபடியே நான் எடுத்துக்கொள்வேன்."

உபதேசியார் எழுந்து, ஈர வேட்டியோடு கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு புதருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றார்.

கொழும்பிலிருந்து அவர் விரும்பியது இப்போது அவர் வாயில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்; மறுக்க யாராலும் முடியாது. எனக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்து, சொல்லிவிடக் கூடாதே என்று இருந்தது. அதே சமயம் அந்த ஈர முதுகைப் பார்க்கப் பார்க்க, போகட்டும், மனிதர் ஆசைப்பட்டதைச் சொல்லிவிடட்டும் என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் மனதில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஐயா, நான் ஒண்ணும் நெனைக்கல. உசிரு பொழைக்கணும்னு நெனச்சேன். அம்புட்டுதான்."

பாதிரியார் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய வேதத் தமிழ் அன்றைக்கு ஏனோ கைகொடுக்கவில்லை. உபதேசியாருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் வண்டியில் உபதேசியார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் கழித்து, "தம்பி, நீச்சல் எங்க படிச்ச?" என்றார்.

"பதுளு ஓயாதாங்க."

"அதும் நல்ல ஆறுதான்," என்றார்.

போர்ட் செய்தில் பாதிரியார் எங்களிடம் விடைபெற்றுத் தன் ஊருக்குக் கப்பலேறினார். நாங்கள் கொழும்பு வந்து, பண்டாரவளையில் இறங்கியபோது சித்திரை மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெமோதரைப் பக்கம் பாதையில் மண் சரிந்துவிட்டது. வண்டி போகாது என்றார்கள். பாதை திறக்கும்வரை நாங்கள் பண்டாரவளையில் தங்க வேண்டியதாயிற்று. பூனாகலைக்காரன் மட்டும் ஒற்றையடிப் பாதையில் நடந்து தோட்டத்துக்குப் போனான். போனவன் கதையைச் சொல்லியிருக்கிறான்.

அந்தக் கதை மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் ஆட்களுக்கு நடுவே பரவி, மலை வழியாகப் புறப்பட்டது. எங்களைவிட வேகமாக நடந்தது. புறப்பட்டபோது, கடைக்காரர் மகன் ஆற்றில் உபதேசியாரைக் காப்பாற்றினான் என்றுதான் இருந்தது. அடுத்த தோட்டத்தில் உபதேசியார் அவனை ஆற்றில் முக்கினார் என்று ஆனது. பசறைக்கு வந்தபோது பையன் ஆற்றோடு போய்விட்டான். பசறையிலிருந்து பதுளைக்கு வரும் வழியில் யாரோ இரக்கப்பட்டு அவனை உயிர்ப்பித்துவிட்டார்கள். பஜாரில் வந்து இறங்கிய கதை இது: எங்கள் வீட்டுப் பையன் செத்துப் பிழைத்து, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, பேரை மாற்றிக்கொண்டு வருகிறான்.

பாதை திறந்து நாங்கள் வண்டியில் பஜாருக்குள் வந்தபோது கடை கடையாக ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளை அங்கி இல்லாதது பலருக்கு ஏமாற்றம். கடை வாசலில் அப்பா நின்றார். அவருக்குப் பின்னால், எட்டாமல் ஒரு பலகை மேல் ஏறி நின்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கிய உபதேசியாரைப் பார்த்தார்.

"எம் மகன முக்கினீங்களா?"

"இல்லீங்க முதலாளி. உங்க மகந்தான் என்னத் தூக்குனான்."

நடந்ததை அங்கேயே, பஜார் முழுக்கக் கேட்க, உபதேசியார் ஒன்றுவிடாமல் சொன்னார். தலைமயிரைப் பிடித்தது, அலறியது, பாதிரியார் கேட்டது, தான் சொன்ன பதில் எல்லாம். முடிந்ததும் அப்பா, "உள்ள வாங்க. உக்காருங்க," என்றார். தான் உட்காரும் நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டார். உள்ளிருந்து காப்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் இருவரும் அங்கே தண்ணீர் எப்படி, வெயில் எப்படி, கால் வைக்கிற இடமெல்லாம் கல்லா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா கதிர்காமத்து மாணிக்க கங்கையைப் பற்றிச் சொன்னார். நான் வந்து சேர்ந்தேன் என்பது அவர்களுக்கு மறந்தே போனது. அம்மாதான் கீழே இறங்கி வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்து, "எவ்ளோ மயிரு போயிருச்சு," என்றாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உபதேசியார் யாத்திரையைப் பற்றிப் பேசுவதாக அறிவித்தார்கள். தோட்டங்களிலிருந்து சனம் நடந்து வந்தது. பெஞ்சு போதாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். கூட்டம் தொடங்கிய பிறகு யாரோ வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா. நெற்றியில் திருநீறு, தோளில் சரிகைத் துண்டு. அந்தக் கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். கடைசிப் பெஞ்சில் ஆட்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

உபதேசியார் கப்பலைச் சொன்னார், பாலைவனத்தைச் சொன்னார். நாசரேத் விஷயத்தைச் சொன்னபோது கூட்டம் சிரித்து ஓய வெகு நேரம் ஆனது. கல்லறைக் கோயிலைச் சொன்னார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யோர்தானுக்கு வந்தார். எங்கள் ஓயாவைவிடச் சின்ன ஆறு என்றும், கலங்கல் தண்ணீர் என்றும், அதில் தான் விழுந்து பயந்து அலறியதாகவும் ஒளிக்காமல் சொன்னார்.

கூட்டம் முடிந்து அப்பாவும் நானும் கடைக்கு நடந்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லாத்தான் பேசுறாரு. நல்ல மனுஷன்," என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போய்த் துண்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "ஆனா அத்தன சனத்துக்கு முன்னால ஆறு சின்னதுன்னு சொல்லியிருக்க வேணாம். என்ன இருந்தாலும் அவங்களுக்கு அது தீர்த்தம்."